மனநல மாத்திரையும் கையடக்க ஈசிஜியும்: வாசகர் கேள்விகள்

கே: அப்பா ஹாலோபெரிடால் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறார். விரல் வைத்துப் பார்க்கும் ஈசிஜி கருவியில் தினமும் 'நார்மல்' என்றே வருகிறது. இனி மருத்துவமனையில் ஈசிஜி தேவையில்லையே?

தேவை. இந்த 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வரும் கடிதங்கள் குறைவதே இல்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது. கருவி பார்ப்பது தாளத்தை: துடிப்பு சீரா, வேகம் வரம்புக்குள் இருக்கிறதா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) உண்டா. இந்த மாத்திரைகளில் நாம் பயப்படுவது க்யூடி நீள்வதை; ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்சாரத்தால் தூண்டப்பட்டு மீண்டும் ஓய்வுக்கு வர எடுக்கும் நேரம்தான் க்யூடி. க்யூடி 500 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தாலும் தாளம் சீராக இருந்தால் பெரும்பாலான கருவிகள் 'நார்மல்' என்றுதான் காட்டும். நீண்ட க்யூடியில் திடீரென்று டார்சேட்ஸ் என்ற தாறுமாறான துடிப்பு கிளம்பலாம். மயக்கம் வரும், உயிரே போகலாம். தயோரிடசின் என்ற மனநல மருந்தை அதன் அசல் தயாரிப்பு நிறுவனமே 2005-ல் கைவிட்டது இந்த ஆபத்தால்தான்.

அதற்காகக் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். 30 விநாடி வரைபடத்தைச் சேமித்து மருத்துவருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு துடிப்பின் முடிவில் வரும் டி அலை முடியும் இடம் தெளிவாக இருந்தால் அவர் க்யூடியை அளந்துவிடுவார். இடது காலிலும் தொட்டு எடுக்கும் ஆறு லீட் (இதயத்தை ஆறு கோணங்களில் பார்க்கும்) கருவியில், க்யூடி அளக்க வழக்கமாகப் பார்க்கும் லீட் 2 கிடைப்பதால் இந்த வேலைக்கு அது மேல். ஆனால் மருந்து தொடங்கும் முன்னும், டோஸ் கூட்டிய பிறகும் மருத்துவமனையின் 12 லீட் ஈசிஜிதான் எடுக்க வேண்டும். முதல் ஈசிஜியே எடுக்காமல் மாத்திரை தொடங்கியிருந்தால், அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்.

கே: க்யூடிசி (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூடி) 468 மில்லிசெகண்ட் என்று வந்தது. பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை. ஆணா பெண்ணா, என்ன மாத்திரை, அப்போது நாடித்துடிப்பு எவ்வளவு, எதையும் எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்ல? ஆணுக்கு 450-க்கு மேல் அதிகம், பெண்ணுக்கு 470 வரை பொறுக்கலாம். துடிப்பு வேகமாக இருந்தால் இந்தத் திருத்தத்துக்கான பாசெட் கணக்கு எண்ணை ஊதிக் காட்டும். ஃப்ரிடெரிசியா என்ற மற்றொரு முறையில் திரும்பப் போடச் சொல்லுங்கள். 500-ஐத் தொட்டாலோ, பழைய அளவைவிட 60 கூடினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். எப்படியானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பினால் அதுவும் உயிருக்கு ஆபத்துதான். இன்றே மருத்துவரை அழையுங்கள்.

கே: ஸ்மார்ட்வாட்ச் மாரடைப்பைக் காட்டுமா?

காட்டாது. நெஞ்சு வலித்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: கை நடுக்கத்தால் வரைபடம் கிறுக்கலாக வருகிறது.

நடுக்கம் இந்த மருந்துகளாலேயே வரலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, பேசாமல் எடுங்கள். நடுக்கத்தைக் கருவி தாளக் கோளாறு என்று தவறாகப் படிப்பதும் உண்டு.

கே: க்ளோசபின் என்ற மனநல மாத்திரை தொடங்கி மூன்று வாரம். நாடி 110. பழகிவிடுமா?

க்ளோசபினில் நாடி ஏறுவது சகஜம். ஆனால் முதல் இரண்டு மாதத்தில் கூடவே காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் இதயத்தசை அழற்சியாக இருக்கலாம். அதைக் கையடக்கக் கருவி பிடிக்காது. ட்ரோபோனின் (இதயத்தசைச் சேதத்தைக் காட்டுவது), சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த மூன்று அறிகுறிகளும் இல்லையென்றாலும் 110 என்பதை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

கே: சளிக்கு அசித்ரோமைசின் எழுதியிருக்கிறார்கள். சேர்த்துச் சாப்பிடலாமா?

எழுதியவருக்கு மனநல மாத்திரை பற்றித் தெரியுமா? அதைச் சொல்லாமல் போனீர்களா? அசித்ரோமைசின், டோம்பெரிடோன், ஓன்டான்செட்ரான், எசிட்டலோப்ராம் எல்லாம் க்யூடியை நீட்டக்கூடியவை. வாந்தி, வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும். எழுதியவர், மனநல மருத்துவர் இருவரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், வேறு மருந்து இருக்கும். அப்புறம், இதையும் திரும்பச் சொல்கிறேன்: எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.