எழுத்து மையமும் சிவப்பு மையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீலகிரியில் ஒரு கலைக்கல்லூரியில் பணியாற்றுகிறேன். மாணவர்கள் தாம் எழுதுவதைப் பற்றிப் பேசி மேம்படுத்திக்கொள்ளும் எழுத்து மையத்திற்கென்று நூலகத்தில் ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஆனால் பிற துறையினர் கட்டுரைக் கட்டுகளை அனுப்பி, பிழை திருத்தித் தரச் சொல்கிறார்கள். மறுத்தால் அறையே போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். ஒரு மாணவியின் கட்டுரையை, அவள் அனுமதியுடன் இணைத்துள்ளேன்.

வாசகி, கோத்தகிரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். 1984இல் ஸ்டீபன் நார்த் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தம் ஆங்கிலத் துறையைச் சேர்ந்தவர்களே எழுத்து மையத்தைப் பழுதுபார்க்கும் பட்டறையாக எண்ணுவதைக் கண்டு சலித்து ஒரு கட்டுரை எழுதினார். மேம்பட வேண்டியது கையிலுள்ள தாள் அன்று, அதை எழுதியவரே என்பது அவருடைய வாதம்.

நீங்கள் அனுப்பிய கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றிய அது, இந்தியா ஒரு விவசாய நாடு என்று தொடங்கி, இரண்டு பக்கங்களுக்கு எவரும் எழுதக்கூடியதையே சொல்லிச் செல்கிறது. மூன்றாம் பக்கத்தில், அம்மா கொண்டுபோகும் கொழுந்து மூட்டையில் ஈரத்துக்கென்று எடை கழிப்பார்கள் என ஒரே ஒரு வரி வருகிறது. அதில் இரண்டு சந்திப்பிழைகள் உள்ளன. சிவப்பு மை அங்கேதான் போய் நிற்கும். மையத்தில் இருப்பவரோ அந்த வரியில் விரலை வைத்து, எவ்வளவு கழிப்பார்கள், வெயில் நாளிலும் அதே அளவா, அதை யார் முடிவு செய்கிறார் என்று கேட்க வேண்டும். பதிலை அவளே எழுதட்டும். பேனா கை மாறக் கூடாது. சந்தியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்பவர் ஆசிரியராக இருக்கவேண்டும் என்பதில்லை. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த அனைவருக்கும் இடமளித்தபின், அதன் புரூக்ளின் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் கென்னத் புரூஃபி மாணவர்களுக்கு மாணவர்களையே துணையாக அமர்த்தினார். நம் மலைக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டில் படுக மொழி பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்திலும் எழுதவேண்டிய ஒருத்தி, அதே வழியில் வந்த மூத்த மாணவியிடம் தன் மொழியிலேயே கூச்சமின்றிப் பேசுவாள். (நம் முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் தேநீர்க் கடையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள்.)

மையத்தை மாலையில் வைக்காதீர்கள். ஊர்ப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்பது உங்களுக்கே தெரியும். உணவு இடைவேளையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். துறையினருக்கு, யார் எதைப் பற்றிப் பேச வந்தார், எதை மாற்ற முடிவு செய்தார் என்று, மாணவர் சம்மதித்தால், இரண்டு வரிக் குறிப்பு அனுப்புங்கள். திருத்திய தாளுக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு பருவமாவது ஆகும். அதற்குள் அறையைப் பறித்துக்கொண்டால், நூலக மேசை ஒன்றும் இரண்டு நாற்காலிகளும் போதும்.