சி பிரிவில் ஓர் ஆயில் சீல்

மதிப்பிற்குரிய ஐயா,

இயந்திர பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. புதிய கிடங்குக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம். ஈர்ப்பு மைய முறையில் ஓர் இடம் வருகிறது, காரணிகளுக்கு மதிப்பெண் போட்டால் வேறு இடம் வருகிறது. எதை நம்புவது? ஸ்டோர் சரக்கை ஏ, பி, சி என்று பிரித்துவிட்டேன். சி முக்கியமில்லாதது என்பதால் தொலைவிலுள்ள வாடகைக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

ச.

அன்புள்ள ச.,

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு மையம் என்பது, யார் எவ்வளவு சரக்கு எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து, வாடிக்கையாளர்கள் இருக்கும் இடங்களுக்கு எடுக்கும் வெறும் சராசரி. அது மொத்தத் தூரத்தைக் குறைப்பதில்லை, தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டி வரும் தொகையைத்தான் குறைக்கிறது. ஒரே சாலையில் 0, 1, 10 கிலோமீட்டரில் ஒரே அளவு சரக்கு எடுக்கும் மூன்று வாடிக்கையாளர்கள் என்று வையுங்கள். சராசரியான 3.67-ல் கிடங்கு கட்டினால் மூவருக்குமான தூரம் 12.67. நடு ஆளின் வாசலிலேயே கட்டினால் 10. வாடிக்கையாளர்கள் ஒரே சாலையில் இல்லாமல் சமதளத்தில் பரவியிருந்தால், மொத்தத் தூரம் மிகக் குறையும் புள்ளியைப் படிப்படியாக நெருங்கும் வழியைக் கணித அறிஞர் வைஸ்ஃபெல்ட் 1937-லேயே சொல்லிவிட்டார். மதிப்பெண் முறையோ, மேலாளர் மனதில் வைத்திருக்கும் இடத்தையே ஜெயிக்க வைக்கும். அப்புறம், லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று மழைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். போதும்.

உங்கள் கடைசி வரிதான் என்னைக் கோபப்படுத்தியது. ‘முக்கியமில்லாதது’ என்று எந்தப் பாடத்தில் படித்தீர்கள்? ஏபிசி என்பது ஒரு பெருக்கல்: பொருளின் விலையை ஆண்டில் செலவாகும் எண்ணிக்கையால் பெருக்கி, தொகை பெரிதாக வந்தால் ஏ, நடுவில் பி, சிறிதானால் சி. 1951-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த ஃபோர்டு டிக்கி இதைப் பற்றி எழுதியபோது, பணம் எங்கே முடங்குகிறதோ அங்கே கண்ணை வை என்பதுதான் பேச்சு. அந்தப் பொருள் இல்லாமல் போனால் என்ன நிற்கும் என்பதற்கு அந்தப் பெருக்கலில் இடமே இல்லை.

எனக்கு முதல் வேலை ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பா, அதில் நூலில் தொங்கும் பின் கார்டு, அதாவது இருப்பை எழுதிவைக்கும் அட்டை. ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), இருப்பு 2. ஓர் இரவு ஷிஃப்டில் ஹைட்ராலிக் பிரஸ் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. ஃபிட்டர் ஓடிவந்தார். டப்பாவைத் திறந்தால் ஒன்றுதான் இருந்தது. அதுவும் ரப்பர் விறைத்து, உதடு வெடித்த கறுப்பு வளையம். இன்னொன்றை யாரோ எடுத்துப்போய்க் கார்டில் எழுதவில்லை. சி ஐட்டம்தானே என்று ஒன்றரை வருடமாக நான் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. பிரஸ் 3 நாள் நின்றது. அந்த 3 நாளும் என் ஏ பிரிவு கணக்குப்படி கச்சிதமாக இருந்தது! ஃபிட்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வெடித்த சீலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

தம்பி, சி பொருள் மலிவு. அதனாலேயே தாராளமாக வாங்கி வைக்கலாம். இரண்டு டப்பா போடுங்கள், ஒன்று காலியானால் ஆர்டர், மற்றது அதுவரை தாங்கும். ரப்பராக இருந்தால் பழையதை முதலில் எடுங்கள். மருத்துவமனை ஸ்டோர்களில் விலைப் பிரிப்போடு நிறுத்துவதில்லை. உயிர்காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று இன்னொரு பிரிப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மலிவான உயிர்காப்பு மருந்து விலைப் பிரிப்பின் அடியில் கிடக்கும், இந்த இரண்டாவது பிரிப்பில் அது மேலே வந்துவிடும். உங்கள் பட்டியலிலும் ஒவ்வொரு சி பொருளுக்கும் எதிரே, இது இல்லாவிட்டால் எது நிற்கும், வாங்கினால் வர எத்தனை நாள் என்று எழுதுங்கள். கம்ப்யூட்டரைக் கேட்காதீர்கள், ஃபிட்டரைக் கேளுங்கள். இன்னொன்று, திருகும் டேப்பும் சி-தான், ஆனால் நாளுக்கு எத்தனை தடவை கை போகிறது? ஒவ்வொரு டேப்புக்கும் கொட்டகைக்கு ஆள் அனுப்பப் போகிறீர்களா?

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையென்றால் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஸ்டோரில் யார் இருக்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.