தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் நான். லைனில் பாதிப்பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். "இந்தி கற்றுக்கொண்டே தீர வேண்டும்" என்கிறார் முதலாளி. 47 வயதில் இது ஆகிற காரியமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

கொஞ்சம் இந்தி தெரிந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று முதலாளி நினைத்தால், தன் லைனில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவேயில்லை. ஒடிசாப் பெண் வீட்டில் பேசுவது ஒடியா. ஜார்க்கண்ட் பெண்ணுக்குச் சந்தாலியோ முண்டாரியோ இருக்கலாம். பீகார் பையனுக்கு மைதிலி அல்லது போஜ்புரி. சந்தாலிக்கு 'ஓல் சிக்கி' என்று தனி எழுத்தே உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அரசியல் சட்டம் அங்கீகரித்த மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி அது. இவர்களில் பலருக்கு இந்தி வெளியே பழகிய மொழிதான். நீங்கள் அரைகுறையாகச் சொல்ல, அவர்கள் அரைகுறையாகக் கேட்டுக்கொள்ள, நடுவில் மாட்டுவது ஏற்றுமதி ஆர்டர்!

முதலில் யாருக்கு எந்த மொழி, எந்த எழுத்து படிக்க வரும் என்று கேட்டு எழுதி வையுங்கள். மெனக்கெட்டால் ஒரு மதிய வேளையில் முடிந்துவிடும்.

கோவையில் ஒரு மில்லின் பர்சனல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வந்தவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். புரியவில்லை என்றால் வேலைக்கு ஆபத்தோ என்ற பயம். ஆகவே "புரிஞ்சுதா?" என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று சொன்னீர்களா? அணைத்து, நூல் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய களைப்பில் விரலில் ஊசி ஏறுவது இந்த ஒரு விஷயம் சரியாகப் போய்ச் சேராததால்தான்.

எண்ணிக்கையை வாயால் சொல்லவே சொல்லாதீர்கள். இந்தியில் நூறு வரைக்கும் எண்கள் பிடிபடாது. 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்சட். அரை வருஷம் படித்தாலும் நீங்கள் தடுமாறுவீர்கள். ஒடியா பேசுகிறவரும் தடுமாறலாம். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் பத்து பீஸ் விட்டுப்போனால் சனிக்கிழமை சம்பளத்தில் சண்டைதான். துணிக்கட்டோடு வரும் பண்டில் சீட்டில் எழுதிக் காட்டுங்கள்.

அப்புறம் நோட்டீஸ். ஒட்டுகிற அறிவிப்பு ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவே சொன்னது. நான் டைப் அடித்து ஒட்டிய காலத்தில் அது தமிழ் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. உங்கள் கம்பெனியில் இன்றைக்கு அது எது என்று தலையை எண்ணிப் பாருங்கள். எழுதித்தர லைனிலேயே படித்த பிள்ளை ஒன்று இருக்கும். அந்த வேலைக்குத் தனியாகக் காசு கொடுங்கள், ஓசியில் வாங்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியவில்லை. பணம் கட்டும் சீட்டிலும் தமிழ் இல்லை. யாரிடம் முறையிடுவது?
– ஒரு வாசகி, விழுப்புரம்

சீட்டு விஷயத்தில் நீங்கள் கெஞ்ச வேண்டியதே இல்லை. கணக்குத் தொடங்கும் படிவம், பணம் கட்டும் சீட்டு, பாஸ்புக் எல்லாம் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருப்பது. கிளை மேலாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கவுன்ட்டரில் இருக்கும் பையனைத் திட்டாதீர்கள். ஊர் விட்டு ஊர் வந்து, எதிரே நிற்கும் பெரியவர் கேட்பது புரியாமல் முழிப்பது அவனுக்கும் சுகமில்லை. தமிழ் தெரியாதவனை அங்கே உட்கார வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை. டீமில் பெரும்பாலும் தமிழர்கள். டீ குடிக்கும்போது தமிழில் பேசினால் அஸ்ஸாம்காரத் தோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். எங்கள் மேல் தப்பா?
– ஒரு வாசகர், பெங்களூரு

டீயில் தப்பில்லை. டீ குடித்துக்கொண்டே "அந்த மாட்யூலை நீ எடுத்துக்கோ" என்று வேலையைப் பிரித்துக்கொண்டு வருவீர்களே, அதுதான் தப்பு. மீட்டிங்கில் அவள் உட்காரும்போது எல்லாம் முடிந்திருக்கும். டெல்லிக்குப் போன நம் பிள்ளைகள், கூட்டம் பாதியில் இந்திக்கு மாறினால் வீட்டுக்குப் போன் போட்டுப் புலம்புகிறார்கள் அல்லவா, அதே புலம்பல்தான் இவளுக்கும். வேலைப் பேச்சு வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுங்கள். சினிமா, சாப்பாடு, மேனேஜர் மீதான கோபம் எல்லாம் தாராளமாகத் தமிழில் இருக்கட்டும். ஆமாம், ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேசுகிறீர்களா? சரி, அதை நீங்கள் கேட்கவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். பேத்திக்குப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம். மூன்றில் குழம்பிவிடுவாளோ?
– ஒரு பாட்டி, மதுரை

குழம்ப மாட்டாள். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கலப்பாள், அது சின்னப் பிள்ளைகள் எல்லாரும் செய்வது. நூற்றாண்டுகளாக உங்கள் ஆட்கள் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று பேசித்தானே நெசவும் வியாபாரமும் செய்தார்கள்? அவள் தமிழில் பதில் சொன்னாலும் நீங்கள் சௌராஷ்டிரத்திலேயே பேசுங்கள். பள்ளியில் யாராவது "வீட்டில் இங்கிலீஷ் பேசுங்க" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.