சிவப்பு டார்ச் பார்வையைத் திருப்பித் தருமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பகலில் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறார். சாயங்காலம் ஆகிவிட்டால் "லைட்டைப் போடுப்பா" என்கிறார். லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். தினமும் மூன்று நிமிடம் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தால் பார்வை திரும்பிவிடும், லண்டனில் நிரூபித்துவிட்டார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ஆன்லைனில் அந்த டார்ச் 1,800 ரூபாய். வாங்கலாமா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். ஆனால் அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை. பாதி உண்மையை வைத்து விற்கிறவர்களிடம்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அப்பாவின் கண். புரையை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று என்றால் வெளிச்சம் உள்ளே போகும் வழி தெளிவாகிவிட்டது. மீதி இருப்பவை கண்மணியும் விழித்திரையும். வயதானவர்களுக்குக் கண்மணி இருட்டிலும் முன்போல் விரியாது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். மங்கலில் வேலை செய்பவை குச்சி செல்கள். முதுமை முதலில் கை வைப்பது குச்சி செல்களில். அமெரிக்காவில் கிறிஸ்டீன் கர்சியோவின் குழு தானமாக வந்த கண்களில் இந்தச் செல்களை எண்ணிப் பார்த்து 1993இல் முடிவை வெளியிட்டது. 34 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையில் விழித்திரையின் மையப் பகுதியில் குச்சி செல்கள் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. கூம்பு செல்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பகலில் நாளிதழ், சாயங்காலம் தடுமாற்றம் என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது.

மிஞ்சிய செல்களும் மந்தமாகின்றன. வெளிச்சம் பட்டதும் குச்சி செல்லில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளுத்துவிடும். அது மறுபடி உருவாக, வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் பொருள் பின்னால் உள்ள செல் அடுக்கிலிருந்து வந்து சேர வேண்டும். வயதாக ஆக இந்த வரத்து தாமதமாகிறது. இருபதுகளில் இருப்பவரைவிட எழுபதுகளில் இருப்பவருக்கு இருட்டு முழுதாகப் பழக 10 நிமிடம் போலக் கூடுதலாகப் பிடிக்கும். மேட்னி ஷோவுக்குப் போனால் நீங்கள் உட்கார்ந்த பிறகும் அப்பா இருக்கையைத் தடவிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

இனி லண்டன் சங்கதி. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் கிளென் ஜெஃப்ரியின் குழு 2020இல் செய்த ஆய்வு அது. ஒளி உணரும் செல்கள் ஆற்றலை அள்ளிச் செலவழிப்பவை. அந்த ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா வயதில் தளர்கிறது. 670 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி அதைக் கொஞ்சம் தூண்டிவிடும் என்பது அவர்களின் கருத்து. 28 முதல் 72 வயது வரை, கண் நோய் இல்லாத 24 பேர் இரண்டு வாரம் தினமும் மூன்று நிமிடம் அந்த ஒளியைப் பார்த்தார்கள். நாற்பதை ஒட்டியவர்களிலும் அதற்கு மேற்பட்டவர்களிலும் சிலருக்கு, மங்கலான நிறங்களைப் பிரித்தறியும் திறன் 20 சதவீதம் வரை கூடியது. குச்சி செல்களிலும் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அதைவிடக் குறைவு. அடுத்த ஆண்டு 20 பேரிடம் செய்ததில், காலையில் பார்த்தால்தான் பலன், பிற்பகலில் பார்த்தால் இல்லை என்று வந்தது.

சுவாரசியமான ஆராய்ச்சிதான். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: 24 பேர், 20 பேர். அளந்தது நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் குச்சி செல்களின் உணர்திறனையும். சாயங்காலம் வாசற்படி தெரிகிறதா என்பதை இல்லை. "பார்வை திரும்பிவிடும்" என்பது வீடியோக்காரர் கைச்சரக்கு.

நீங்கள் அனுப்பிய விற்பனைப் பக்கத்தையும் பார்த்தேன். "660 + 850" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இவை நானோமீட்டர் கணக்கு. 850 என்பது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்குக் கண் கூசாது, இமை மூடாது, கண்மணியும் சுருங்காது. எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பவருக்கே தெரியாது. ஆய்வில் கண்ணில் விழும் ஒளியின் அளவை அளந்து வைத்துக்கொண்டு செய்தார்கள். இந்தப் பக்கத்தில் அந்த அளவு எங்குமே இல்லை, பேட்டரித் திறன் மட்டும் இருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு படத்தில் ஒருவர் அதே டார்ச்சை முழங்கால் வலிக்குக் காட்டுகிறார்! மூட்டுக்குச் செய்த சாமானைக் கண்ணுக்கும் என்று விற்கிறார்கள், அவ்வளவுதான்.

"அமெரிக்க எஃப்.டி.ஏ.வே ஒப்புக்கொண்டது" என்று விற்பவர் அடுத்து சொல்லக்கூடும். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமைப்பு அது. 2024 நவம்பரில் அனுமதி பெற்றது வலீடா என்ற கருவி. விழித்திரையின் மையம் வயதில் சிதையும் மாக்குலா சிதைவு நோயின் உலர் வகைக்காக, மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கும் சிகிச்சை அது. உங்கள் டார்ச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்பாவை ஒருமுறை விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனைதான் வேண்டும், கண்ணாடிக் கடை பவர் சோதனை போதாது. புரை எடுத்த சில மாதங்களிலோ வருடங்களிலோ லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்குவது உண்டு; லேசரில் சில நிமிட வேலை. சர்க்கரை இருந்தால் இந்தப் பரிசோதனை இன்னும் அவசியம்.

யாராவது ஏற்கெனவே டார்ச் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்தப் பக்கத்தில் "கண்புரை குணமாகும்" என்ற வரி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கண்புரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்ய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே தடை இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, புரை ஆரம்ப நிலையில் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றதால் ஹாலில் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு மாட்டினேன். இப்போது கண் கூசுகிறது என்கிறார். என்னதான் வாங்குவது? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டு புகாருமே நியாயமானவை. கண்மணி சிறுத்து லென்ஸ் மஞ்சளாவதால், 20 வயதுக்காரர் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போகிறது என்பது பழைய, பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதனால் அவருக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். அதே லென்ஸ் ஒளியைச் சிதறடிப்பதால் மூடியில்லாத பல்பு கூசும். பல்பைப் பெரிதாக்குவதைவிட விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவருவதே வழி. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. அம்மா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், பல்பு கண்ணுக்குத் தெரியாதபடி மூடி உள்ள ஒரு ஸ்டாண்டு விளக்கு போதும். அதில் 9 வாட் பல்பே தாராளம்.

கடையில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வாட் என்பது மின்சாரச் செலவு. வெளிச்சத்தைச் சொல்வது லூமென். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். வெள்ளையாக இருப்பதே அதிக வெளிச்சம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அம்மாவின் லென்ஸ் நீலத்தைத் தடுத்துவிடும், அதற்குக் கொடுக்கும் காசு வீண். 3000 அல்லது 4000 எடுங்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்வது சி.ஆர்.ஐ.; அது 90 என்று போட்ட பல்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம். கருநீலத்தையும் கறுப்பையும், ஒரே அளவு மாத்திரைகளையும் பிரித்தறிய உதவும்.

அப்புறம் ராத்திரி. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கு ஒன்றிரண்டைத் தரையோரமாக ஒட்டுங்கள். மஞ்சள் அல்லது சிவப்பு கலந்த மங்கல் ஒளியாக இருக்கட்டும். குச்சி செல்களுக்கு அடர் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதனால் இருட்டுக்குப் பழகிய கண் கலையாது. டியூப்லைட்டைப் போட்டால் படுக்கைக்குத் திரும்பும்போது மறுபடி பல நிமிடம் குருடுதான்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் லூட்டீன் மாத்திரை தருகிறார்கள், மாதம் 900 ரூபாய் ஆகிறது. வயதானவர்கள் எல்லோரும் சாப்பிடலாமா?

பதில்: தேவையில்லை. 2013இல் முடிவு வெளியான ஏரெட்ஸ்-2 ஆய்வில் லூட்டீன் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம், கூடவே வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் எல்லாம் சேர்ந்த கலவையைத்தான் சோதித்தார்கள். ஏற்கெனவே நடுத்தர நிலை மாக்குலா சிதைவு உள்ளவர்களுக்கு அது முற்றுவதைக் குறைக்கத்தான் இது. நோய் வராமல் தடுப்பதாகவோ, இருட்டில் பார்வையைக் கூட்டுவதாகவோ காட்டவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள், அப்போதும் அட்டையில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். புகைபிடிப்பவர்களுக்கும் முன்பு பிடித்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால் பழைய கலவையிலிருந்து அதை நீக்கினார்கள்.

கேள்வி: இரவில் கார் ஓட்ட மஞ்சள் கண்ணாடி வாங்கலாமா? எதிர் வண்டி லைட் தாங்க முடியவில்லை, எனக்கு 61 வயது.

பதில்: மஞ்சள் கண்ணாடி உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கிறது, உங்களுக்கு ஏற்கெனவே குறைவாகத்தான் வருகிறது. 2019இல் அமெரிக்காவில் ஓட்டுநர் பயிற்சி இயந்திரத்தில் வைத்துச் சோதித்தார்கள், சாலையில் நடப்பவரைக் கண்டுகொள்ள அது உதவவில்லை. அந்தக் காசுக்கு, இப்போது போடும் கண்ணாடியின் பவரைச் சரிபார்த்து ஒளி எதிரொளிக்காத பூச்சு போட்டுக்கொள்ளுங்கள். புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காரின் முன் கண்ணாடியை உள்பக்கம் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?