தீக்காயத்திலிருந்து மீண்ட ஒருவரைச் சந்திப்பது என் தங்கைக்கு உதவுமா?

உங்கள் தங்கைக்கு அடுப்படியில் தீக்காயம் பட்டு ஏழு மாதம் ஆகிறது, கழுத்திலும் கன்னத்திலும் வலது கையிலும் தழும்பு, வீட்டுக்கு வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதேபோல் பட்டு மீண்ட ஒருவரைப் பார்க்க வைத்தால் நல்லதா, இல்லை ஆறிவருவதைக் கிளறிவிட்டதாக ஆகிவிடுமா என்பது உங்கள் கேள்வி.

நல்லதுதான். ஆனால் யாரை, எப்போது, எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2013-இல் என் சேலைத் தலைப்பில் தீப்பிடித்தது. கழுத்து, மார்பு, இரண்டு கைகள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வார்டில் ஐம்பது நாளுக்கு மேல் இருந்தேன். டாக்டர்களும் நர்சுகளும் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி வாழ்வது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "எப்படி ஆச்சு?" அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். ஒரு பெண்ணுக்குத் தீப்பட்டால் நம் ஊரில் அதை வெறும் விபத்து என்று யாரும் லேசில் நம்புவதில்லை. புருஷனா, மாமியாரா, தானே ஊற்றிக்கொண்டாளா என்று கண்கள் துழாவும். எனக்கு நடந்தது விபத்துதான். ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, ஏதோ தப்புச் செய்தவள்போல் ஆகிவிட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஐந்தாவது மாதம், ஓபி வராந்தாவில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். எப்படி ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. "ராத்திரி அரிப்பு தாங்க முடியலையாம்மா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அரிப்பைப் பற்றி யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய காயத்தில் பிழைத்து வந்தவள் அரிப்பென்று புலம்புவதா என்று வெட்கம். அக்கா தன் ரவிக்கைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார். "தொட்டுப் பாரு." தொட்டேன். தழும்பு வெளிறிப்போய், மிருதுவாக, கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. என்னுடையது அப்போது செக்கச்செவேலென்று, கயிறு கயிறாகப் புடைத்து நின்றது. "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஆறு வருஷம் ஆச்சு" என்றார். தழும்பு முதிர்ந்து அடங்க ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் என் விரல் அந்தக் கையைத் தொட்ட பிறகுதான் அதை நம்பினேன்.

அன்றைக்கு அரை மணி நேரத்தில் அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அரித்தால் சொறியாதே, ஈரத்துணியை ஒத்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டு. தழும்பை அமுக்குகிற அந்த இறுக்க உடையை இரண்டு செட்டாக வைத்துக்கொள், ஒன்றைத் துவைக்கும்போது இன்னொன்று. ஒட்டிய தோலில் வியர்வை வராது, அதனால் சித்திரை வெயிலில் உடம்பு சட்டென்று சூடேறும், ஈரத்துண்டு இல்லாமல் வெளியே போகாதே. கழுத்துப் பயிற்சியை வலிக்கிறது என்று ஒருநாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு வலிக்கும், சீரியல் ஓடும்போது செய்துவிடு. பஸ்ஸில் குழந்தைகள் பார்த்தால் சிரி, பெரியவர்கள் பார்த்தால் நீயும் நேராகப் பார். கடைசியாகச் சொன்னது எனக்கு வரவே சில வருடம் பிடித்தது.

இந்த உதவிக்கு வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் எரிந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற டாக்டர் சிகிச்சை செய்தார். 1941-இல் அந்த நோயாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்து, தங்கள்மேல் புதுப்புது முறைகளைச் சோதித்ததால் அதற்கு 'கினிப் பன்றிகள் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போர் முடிவதற்குள் 649 பேர் சேர்ந்துவிட்டார்கள். மெக்கிண்டோ இன்னொன்றும் செய்தார். ஊர்க்காரர்களிடம் பேசி, இவர்களை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கச் சொன்னார். அதனால் அந்த ஊருக்கு 'வெறித்துப் பார்க்காத ஊர்' என்றே பெயர் வந்தது. உங்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். தங்கையை வெளியே கூட்டிப்போவதற்கு முன்னால், தெருமுனைக் கடைக்காரர், எதிர்வீட்டு அம்மா, நெருங்கிய உறவுகள் என்று நாலைந்து பேரிடம் நீங்கள் பேசிவிடுங்கள். எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டாம், வழக்கம்போல் சாப்பிட்டியா என்று கேட்டால் போதும் என்று சொல்லுங்கள்.

சரி, யாரைச் சந்திக்க வைப்பது? காயம் பட்டு சில வருடமாவது ஆனவராக, தன் கதையைச் சொல்லி அழ வராதவராக இருக்க வேண்டும். ஒருமுறை வேறொருவர் என்னிடம் தன் வார்டு அனுபவத்தை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அவரும் நல்ல மனசோடுதான் வந்தார். அமெரிக்காவில் ஆலன் பிரெஸ்லாவ் என்பவர் விமான விபத்தில் எரிந்து மீண்டவர். அவர் 1977-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் சொசைட்டி, மீண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகுதான் நோயாளியின் படுக்கையருகே அனுப்புகிறது. சென்னையில் பிசிவிசி என்ற அமைப்பு 'விடியல்' என்ற பெயரில் தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்காக வேலை செய்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். வெளியூர் என்றால், நீங்கள் போகும் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். யார் நன்றாகத் தேறிவந்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் சந்திப்பு போனில் போதும், முகம் காட்டாமல். தங்கை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது பேசினால், இந்தச் சந்திப்பையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையில் இலவசமாகப் பேசுகிறார்கள், தமிழிலும்.

கழுத்தில் காயம் என்கிறீர்களே, தழும்பு இறுகித் தோல் இழுக்கிறதா? நிமிர்ந்து கூரையைப் பார்க்க முடிகிறதா? என்னைத் தலையணை வைத்துப் படுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தங்கைக்கு அப்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டு எழுதுங்கள். அவருக்கே என்னோடு பேச விருப்பமிருந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.