தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயினில் மண்ணின் சுவை வருமா?

ஒரே திராட்சை ரகம், ஒரே வட்டாரம், ஆனாலும் இரண்டு ஷெனின் பிளாங்க் ஒயின்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன, கல்லின் சுவை ஒயினுக்குள் இறங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லின் சுவை இறங்காது. வேர் குடிப்பது தண்ணீரையும் அதில் கரைந்த உப்புகளையும்தான். ஆனால் மண் மாறினால் ஒயின் மாறும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் அது நடக்கிறது.

கேப் டவுனுக்கு வடக்கே ஸ்வார்ட்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மழை குளிர்காலத்தோடு சரி. பழம் பழுக்கும் ஜனவரி, பிப்ரவரி அங்கே கோடை, வெயில் கொளுத்தும். பழைய ஷெனின் கொடிகள் பெரும்பாலும் மானாவாரி. கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை. இடுப்பளவுப் புதராக நிற்கும். குளிர்காலத்து ஈரத்தை மண் எத்தனை நாள் பிடித்துவைத்துக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பழம்.

பார்டபெர்க் மலையடியில் ஒரு தோட்டத்தில் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். சிதைந்த கிரானைட், கல்லுப்பு மாதிரி நறநறவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது. இது எப்படி ஈரம் காக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் வெட்டியிருந்த குழியில் இரண்டு முழத்துக்குக் கீழே மஞ்சள் களி. பிப்ரவரியிலும் பிடித்தால் உருண்டை திரண்டது. வேர்கள் அதைத் தேடி இறங்கியிருந்தன. அந்த ஈரம் இருக்கும்வரை இலை வாடாது, பழம் நிதானமாகப் பழுக்கும், புளிப்பும் தங்கும்.

ரீபேக்-காஸ்டீல் ஊருக்கு மேலே காஸ்டீல்பெர்க் மலையில் நிலமே வேறு. அடுக்கடுக்காகப் பிளக்கும் பலகைக்கல், சில சரிவுகளில் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடக்கும். ஒயின் தயாரிக்கும் கிறிஸ், ஆண்ட்ரியா முல்லினியூ தம்பதி இந்த இரண்டு மண்ணின் ஷெனினையும் ‘கிரானைட்’, ‘குவார்ட்ஸ்’ என்று தனித்தனிப் புட்டிகளில் தருகிறார்கள். என் நாக்குக்குக் கிரானைட் ஒல்லியானது, எலுமிச்சைத் தோலின் வாசம், கடைசியில் லேசான உப்பு. குவார்ட்ஸில் பழுத்த பேரிக்காய், வாய் நிறைய ஒரு கொழுமை. செய்வது ஒரே கைகள் என்பதால் இந்த ஒப்பீட்டை நம்புகிறேன். மலைச் சரிவுக்கும் காற்றுக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை.

எல்லா இடத்திலும் மண்ணுக்கே முதல் மரியாதை என்று சொல்ல மாட்டேன். ராபர்ட்சன் வட்டாரத்தின் சுண்ணாம்பு மண்ணைத் தேடித்தான் ஷார்டனே திராட்சையை வைக்கிறார்கள், சரி. ஆனால் நாட்டின் தென்கோடியில் எலிம் ஊர்ப் பக்கம், இரும்பேறிய மண்ணை ‘காப்பிக்கல்’ என்று பெருமையாகக் காட்டுவார்கள். அங்கத்திய சாவின்யோன் பிளாங்க் வெள்ளை ஒயினின் பச்சை வாசத்துக்குக் குளிர்ந்த கடற்காற்றுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது, பழைய கொடிகளைக் காக்கும் ‘ஓல்டு வைன் புராஜெக்ட்’ அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 35 வயது நிரம்பிய கொடிகளுக்கு மட்டுமே அது உண்டு, நட்ட ஆண்டும் அதிலேயே இருக்கும். இளங்கொடியின் வேர் அந்த மஞ்சள் களியை இன்னும் எட்டாமல் இருக்கலாம். ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின், வெவ்வேறு மண்ணின் புட்டிகள் இரண்டை, ரொம்பவும் சில்லென்று ஆக்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள்.