அப்பாவை ஹாஸ்பிஸுக்கு ரெஃபர் பண்ணச் சொல்லி எப்ப கேக்கணும், என்னென்ன குடுக்கணும்?

கேன்சர் நாலாவது ஸ்டேஜ், வலி தாங்கல, டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லலன்னு கேட்டிருக்கீங்க. அவர் சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, நீங்களே வாயத் திறந்து கேளுங்க. ஹாஸ்பிஸ்னா நோய் முத்தினவங்களுக்கு வலியக் கொறச்சு நிம்மதியா வச்சுப் பாத்துக்கற எடம்; அது கடைசி ரெண்டு நாளுக்குத்தான்னு நெனச்சு நெறைய பேர் லேட் பண்ணிடறாங்க, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. 2010-ல அமெரிக்காவுல நுரையீரல் கேன்சர் முத்தினவங்கள வச்சுப் பண்ண ஆய்வுல, ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கற சிகிச்சை, கெடச்சவங்க மனசளவுலயும் நல்லா இருந்தாங்க, சராசரியா ரெண்டரை மாசத்துக்கு மேல கூடவும் வாழ்ந்தாங்க.

ஹாஸ்பிஸ் சின்ன எடம்னா பெட் கம்மி, அதனால முதல்ல போன் பண்ணிடுங்க. ஆக்சிஜன், ட்ரிப்ஸ், ரத்தம் ஏத்துறது இதெல்லாம் அங்க உண்டான்னு கேட்டுக்கோங்க, வீட்டுக்கே நர்ஸ் வருவாங்களான்னும் கேளுங்க.

ரெஃபரல் லெட்டர்ல நோய் பேரு, கடைசி ஸ்கேன், அலர்ஜி, மாத்திரை டோஸோட இருக்கணும். வலிக்கு மார்ஃபின் போகுதுன்னா எத்தன மில்லிகிராம், எத்தன மணிக்கு ஒருதடவ, கூட அதால வர்ற மலச்சிக்கலுக்கு மருந்து குடுக்கறாங்களான்னு கண்டிப்பா எழுதச் சொல்லுங்க.

லெட்டர்ல வராதத நீங்க ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க: ராத்திரி 2 மணிக்கு வலியில முழிச்சார், இடுப்புல தோல் செவந்திருக்கு, கஞ்சி ரெண்டு ஸ்பூன்தான் எறங்குச்சு. முக்கியமா, அவருக்குத் தன் நோய பத்தி எவ்ளோ தெரியும்னு எழுதுங்க, இல்லன்னா அங்க பேசறவங்க தடுமாறுவாங்க.